நாம் க்ரஜியாப்: கொதிக்க வைப்பதா, ஊற வைப்பதா?

பாங்காக்கில் சீலோம் சாலையும் பான் தெருவும் சேரும் முனையில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1879இல் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. தாய்லாந்துக்காரர்கள் அதை 'வாட் கேக்' என்பார்கள். விஜயதசமி இரவில் அம்மன் வீதியுலா கிளம்பினால் சீலோமில் கால் வைக்க இடம் கிடைக்காது. அப்படியோர் இரவில் நெரிசலில் பிழியப்பட்டு வெளியே வந்து விழுந்த எனக்கு, தள்ளுவண்டிக்கார அம்மா ஒருவர் பிளாஸ்டிக் பை நிறைய ஐஸ் போட்டு, அதன் மேல் கருஞ்சிவப்பாக ஏதோ ஒன்றை மொண்டு ஊற்றி, ரப்பர் பேண்டால் இறுக்கி, ஸ்ட்ராவைச் செருகிக் கையில் கொடுத்தார்.

அதுதான் நாம் க்ரஜியாப், ரோசெல் என்ற செடியின் சிவப்பு மடலில் போடும் தாய்லாந்துப் பானம். முதல் உறிஞ்சல் தாடையைக் கூச வைத்தது. புளிப்பும் அதிகம், இனிப்பும் அதிகம், நடுவில் எங்கேயோ உப்பு வேறு. இதை எப்படி முழுசாகக் குடிப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். பத்து நிமிடத்தில் பை பாதியாகியிருந்தது, ஐஸும் பாதி கரைந்திருந்தது. அப்போது உறிஞ்சியதுதான் ருசி. அந்த அம்மா பானத்தை முதல் வாய்க்காகச் செய்யவில்லை, பத்தாவது நிமிடத்துக்காகச் செய்திருந்தார். இது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. ஊருக்குத் திரும்பி வீட்டில் மூன்று முறை சொதப்பிய பிறகுதான் புரிந்தது.

அந்த மூன்று சொதப்பலையும் சேர்த்துத்தான் இந்த ஒப்பீடு. நாம் க்ரஜியாப் வீட்டில் போட நினைப்பவர் முன்னால் நான்கைந்து இடத்தில் வழி பிரிகிறது. எந்தப் பூ, காய்ந்ததா பச்சையா, கொதிக்க வைப்பதா ஊற வைப்பதா, இலந்தை போடுவதா வேண்டாமா, என்ன சர்க்கரை? ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தீர்க்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். தம்ளரில் எவ்வளவு ஐஸ் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தானாகவே முடிந்துவிடும்.

பெயரிலிருந்து தொடங்குவோம். 'நாம்' என்றால் தண்ணீர். 'க்ரஜியாப்' என்றால்? அங்கேதான் வேடிக்கை. 'க்ரஜியாப் டேங்' என்றால் சிவப்பு க்ரஜியாப், நம் பானத்தின் செடி. 'க்ரஜியாப் கியாவ்' என்றால் பச்சை க்ரஜியாப், அது நம்ம வெண்டைக்காய்! இரண்டும் ஒரே குடும்பம். பருத்தியும் செம்பருத்தியும் அதே குடும்பம்தான். வெண்டைக்காய்க்கு உறவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுப்பில் ஏற்றும்போது அந்த உறவுமுறை தலைகாட்டும்.

எது அந்தப் பூ?

என் முதல் சொதப்பல் இங்கேதான். இணையத்தில் 'ஹைபிஸ்கஸ் டீ' என்று தேடி ஒரு பாக்கெட் வாங்கினேன். வந்தது காய்ந்த செம்பருத்தி இதழ். கொதிக்க வைத்தால் ஊதாவும் பழுப்புமாக ஒரு நீர் வந்தது. புளிப்பே இல்லை. எலுமிச்சை பிழிந்ததும் பளிச்சென்று சிவந்தது. அது நம் வீடுகளில் தலைமுறையாகப் போடும் செம்பருத்தி சர்பத். நல்ல பானம்தான், ஆனால் நான் தேடியது அதில்லை.

நாம் க்ரஜியாப்புக்கு வேண்டியது புளிச்சக்கீரை இனத்துச் செடி. ஆந்திரத்தில் கோங்குரா என்று ஊறுகாய் போடுகிறார்களே, அதன் சிவப்பு வகை. நாம் அதன் இலையைத் தின்கிறோம். தாய்லாந்திலோ பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றாகத் திரண்டு நிற்கும் சிவப்பு மடல்தான் பொருள். பள்ளிக்கூடத் தாவரவியலில் புல்லி வட்டம், அல்லி வட்டம் என்று படித்தோமே, அதில் புல்லி வட்டம். செம்பருத்தியில் நாம் எடுப்பது அல்லி, இதில் எடுப்பது புல்லி. கடைக்காரர் 'ரோசெல்' என்று சொன்னால் சரியான பொருள். பாக்கெட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். செம்பருத்தி இதழ் மெல்லிய காகிதம்போல் நொறுங்கும். ரோசெல் மடல் தடிப்பாக, ஐந்து விரலைக் குவித்ததுபோல், கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும் சிவப்பில் இருக்கும். ஒன்றை வாயில் போட்டு மெல்லுங்கள், புளித்தால் வாங்கலாம். தொட்டால் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். பழுப்பேறி, தூள் தூளாக உதிர்ந்தால் பழைய சரக்கு.

ஆக, இங்கே தேர்வுக்கே இடமில்லை. செம்பருத்தியை வைத்து நாம் க்ரஜியாப் செய்ய முடியாது. எலுமிச்சை சேர்த்து நிறத்தைக் கொண்டு வரலாம், அந்தப் புளிப்பின் கனத்தைக் கொண்டு வர முடியாது.

பச்சை மடல் கிடைத்தால் விடலாமா என்று கேட்பீர்கள். இந்தச் செடி பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். தாய்லாந்தில் மழையோடு விதைத்து, ஆண்டு முடியும் நேரத்தில் அறுக்கிறார்கள். அந்தச் சில வாரங்கள் மட்டும் பச்சை மடல் சந்தையில் குவியும். மற்ற மாதங்களில் காய்ந்ததுதான். பச்சையில் மணம் அதிகம், ஒரு பழத்தின் சாயல் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் இருக்கும் காயைக் குடைந்து தள்ள வேண்டும். ஒரு கிலோ குடைந்து முடிப்பதற்குள் விரல் நகமெல்லாம் சிவந்து, பொறுமையும் போய்விடும். பத்து கிலோ பச்சை மடல் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும். காய்ந்ததில் 60 கிராமுக்கு ஈடு வேண்டுமானால் பச்சையில் அரை கிலோவுக்கு மேல் போட வேண்டும். தோட்டத்தில் செடி வைத்திருப்பவர்கள் போடட்டும். மற்றவர்கள் காய்ந்ததை வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்வதே நடைமுறை. ஐஸ் நிறையப் போடும் பானத்தில் பச்சை மடலின் மெல்லிய மணம் எப்படியும் பாதிக்கு மேல் அமுங்கிவிடும்.

அடுப்பா, ஃபிரிட்ஜா?

இதுதான் மையமான கேள்வி. மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் பல தடவை செய்து பார்த்துவிட்டேன்.

முதலாவது, நெடுநேரம் கொதிக்க விடுவது. மடலைப் போட்டு அரை மணி, முக்கால் மணி என்று விட்டுவிடுவார்கள். புளிப்பு முழுக்க இறங்கும், கசப்பும் துவர்ப்பும் கூடவே இறங்கும். இந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. அது சூட்டுக்கு நெடுநேரம் தாங்காது, போகப்போகப் பழுப்பு தட்டும். அதோடு வெண்டைக்காய் உறவு இங்கேதான் வந்து நிற்கும். நெடுநேரம் வெந்த மடல் கொழகொழவென்று ஒரு பசையை விடும். வடிகட்டும்போது கரண்டியால் அழுத்திப் பிழிந்தால் இன்னும் மோசம். பானம் கலங்கும், தொண்டையில் வழவழவென்று இறங்கும். என் இரண்டாவது சொதப்பல் அதுதான்; ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது என்று துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தேன்.

இரண்டாவது, குறைவாகக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து மூடி வைப்பது. எட்டு, பத்து நிமிடம் சிறு தீ, பிறகு கால் மணி நேரம் மூடியபடி. நிறம் மாணிக்கம்போல் நிற்கும், புளிப்புக்கும் குறைவில்லை, கொழகொழப்பு வராது.

மூன்றாவது, அடுப்பே இல்லாமல் குளிர்ந்த நீரில் ஊற வைப்பது. ஒரு லிட்டர் நீருக்கு 30 கிராம் மடல், ஃபிரிட்ஜில் ஓர் இரவு. இதன் நிறம்தான் மூன்றிலும் அழகு. துவர்ப்பு குறைவு, பூவின் மணம் மேலே நிற்கும். ஐஸ் இல்லாமல், அல்லது ஒரே ஒரு கட்டியோடு குடிப்பதானால் இதற்கு ஈடு கிடையாது. சர்க்கரை இல்லாமல்கூடக் குடிக்கலாம். ஆனால் தம்ளர் நிறைய ஐஸ் போட்டு இதை ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ரோஸ் கலர் தண்ணீர் மட்டும் மிஞ்சும். உடம்பே இல்லாத பானம். என் மூன்றாவது சொதப்பல்.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 300 மில்லி பிடிக்கும் தம்ளரை ஐஸால் நிரப்பினால் பானத்துக்கு மிஞ்சும் இடம் 150 மில்லி அளவுதான். நம் வெயிலில் குடித்து முடிப்பதற்குள் அந்த ஐஸில் பாதி கரையும், அதாவது 75 மில்லி தண்ணீர் சேரும். 150 மில்லி 225 மில்லியாகிறது. புளிப்பு, இனிப்பு, நிறம் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கும்போது குடிக்கத் தகுந்ததாக இருந்தால் அது தோல்வி. 'ஐயோ, அதிகமாகிவிட்டதே' என்று தோன்ற வேண்டும். சீலோம் அம்மாவின் கணக்கு இதுதான்.

எனவே ஐஸ் நிறைய வேண்டும் என்பவர் இரண்டாவது வழியில் போகட்டும், லிட்டருக்கு 30 கிராம் என்ற அளவைவிட நன்றாகத் தூக்கலாக. ஐஸ் வேண்டாதவர் மூன்றாவது வழி. முதலாவது வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அப்படியானால் தெருவில் விற்பவர்கள் பெரிய பானையை நெடுநேரம் அடுப்பில் வைத்திருப்பது ஏன்? அதற்குக் காரணம் மடல் இல்லை, இலந்தை.

இலந்தை விவகாரம்

தாய்லாந்து வீடுகளிலும் கடைகளிலும் நாம் க்ரஜியாப்போடு காய்ந்த சீன இலந்தையைச் சேர்ப்பது ரொம்பச் சாதாரணம். 'புட்சா சீன்' என்பார்கள். சுருக்கம் விழுந்த சிவப்புத் தோல், உள்ளே பஞ்சுபோல் இனிப்புச் சதை. பாங்காக்கின் சீனக் குடியிருப்பான யாவராட் பக்கம் போனால் மருந்துச் சரக்குக் கடைகளில் ஒரு சாக்கில் ரோசெல், பக்கத்துச் சாக்கில் இலந்தை என்று வைத்திருப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஒரு செடியும் சீனத்துப் பழமும் ஒரே பானைக்குள் வந்து சேர்ந்தது பாங்காக் மாதிரி ஊரில் ஆச்சரியமில்லை.

இலந்தை என்ன செய்கிறது? இனிப்பைத் தருகிறது, அதைவிட முக்கியமாகக் கனம் தருகிறது. ரோசெல்லின் புளிப்பு ஊசிபோல் குத்தும். இலந்தை அதன் முனையை மழுக்கி, அடியில் கேரமல் மாதிரி ஒரு மணத்தை வைக்கும். ஐஸ் கரைந்து தண்ணீரானாலும் அந்தக் கனம் மட்டும் நிற்கும். அதனால் ஐஸ் தம்ளர்க்காரர்களுக்கு இலந்தை கிட்டத்தட்ட கட்டாயம் என்பது என் கட்சி. குளிர்நீரில் ஊற வைப்பவர்களுக்கு இதனால் பயனில்லை, குளிர்ந்த நீரில் இலந்தை சாற்றை விடவே விடாது.

சிக்கல் எங்கே என்றால், இலந்தை வேக அரை மணி நேரம் ஆகும், மடலுக்குப் பத்து நிமிடம் போதும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று வேகாது, அல்லது மற்றது கெடும். தீர்வு எளிது: இலந்தையைக் கீறி முதலில் போடுங்கள், அது வெந்து நீர் தேன் நிறமானதும் மடலைப் போடுங்கள். பருப்பு வெந்த பிறகு புளி ஊற்றுகிற வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை.

நம் ஊர் இலந்தைப் பழம் ஆகாதா? நான் முயன்றேன். காய்ந்த நாட்டு இலந்தையில் கொட்டை பெரிது, சதை குறைவு, அதுவும் புளிப்பு. புளிப்புக்கு மேல் புளிப்பு. இலந்தை வடைக்கு விட்டுவிடுங்கள். சீன இலந்தை கிடைக்காவிட்டால் மூன்று பேரீச்சம்பழம் நறுக்கிப் போடலாம். கனம் வரும், தெளிவு கொஞ்சம் போகும்.

சிலர் வாசனைக்காக இரண்டு பாண்டன் இலையை முடிச்சுப் போட்டு உள்ளே விடுவார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு ரம்பை என்றால் தெரியும். இலந்தையே இல்லாதபோது இது நன்றாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று மறைக்கும். இஞ்சி தட்டிப் போடலாமா என்று என் தங்கை கேட்டாள். போடலாம், ஆனால் அப்போது அது ஜமைக்காக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் 'சோரல்' என்ற பானம் ஆகிவிடும். அதே செடிதான், ஊர் வேறு. எகிப்தில் கர்கடே, செனகலில் பிஸ்ஸாப், மெக்ஸிகோவில் ஹமாய்க்கா என்று இந்தச் சிவப்பு உலகம் சுற்றியிருக்கிறது. தாய்லாந்தின் கைநாட்டு என்று நான் நினைப்பது இலந்தை, உப்பு, வஞ்சகமில்லாத ஐஸ், இவை மூன்றும்தான்.

சர்க்கரை

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் இவற்றைப் போட்டால் உடம்புக்கு நல்லது என்ற எண்ணத்தில் நானும் ஒரு தடவை போட்டேன். மாணிக்கச் சிவப்பு ஒரு நொடியில் சேற்று நிறமாயிற்று. வெல்லத்தின் பழுப்பு ஒரு காரணம். வெல்லம் காய்ச்சும்போது சுண்ணாம்பு சேர்க்கும் வழக்கம் இன்னொன்று. இந்த நிறமிக்குப் புளிப்பு குறைந்தால் சிவப்பு மங்கும். செம்பருத்தியில் எலுமிச்சை விழுந்தபோது நடந்ததை அப்படியே திருப்பிப் போட்டால் இதுதான். அதே காரணத்தால் உப்புக் கரித்த போர் தண்ணீரும் ஆகாது, குடிக்கும் தண்ணீரில்தான் செய்ய வேண்டும். பாத்திரத்தில் அலுமினியமும் இரும்பும் வேண்டாம். இவ்வளவு புளிப்பு அவற்றை அரிக்கும், நிறத்தையும் கெடுக்கும். எவர்சில்வர் போதும்.

ஆக வெள்ளைச் சர்க்கரை அல்லது கற்கண்டு. கற்கண்டில் இனிப்பு கொஞ்சம் சாந்தமாக இருக்கும், விலை கூடுதல். வித்தியாசம் சூடாகக் குடித்தால் தெரியும், ஐஸில் தெரியாது. சர்க்கரையே போடலாம். தேன் இங்கே வீண். ரோசெல்லின் புளிப்புக்கு முன் தேனின் மணம் நிற்காது. சர்க்கரையை ஒதுக்க வேண்டியவர்களுக்கு, தாய்லாந்தில் 'யா வான்' என்ற இனிப்புத் துளசி இலையைச் சேர்ப்பவர்கள் உண்டு. ஸ்டீவியா என்றால் நமக்குப் புரியும். காய்ந்த இலை ஒரு சிட்டிகை போதும், மிஞ்சினால் கசக்கும்.

கடையில் இனிப்பைக் குறைத்துக் கேட்கத் தாய்லாந்து மொழியில் 'வான் நோய்' என்று சொல்ல வேண்டும். வான் என்றால் இனிப்பு, நோய் என்றால் கொஞ்சம். தமிழ்க் காதுக்கு அது சர்க்கரை நோய் என்றே விழும். நான் ஒருநாளும் மறக்காத தாய்லாந்துச் சொல் அதுதான்.

எவ்வளவு போடலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2017 செப்டம்பரில் தாய்லாந்து அரசு இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. 100 மில்லியில் 6 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் வரி. நான் கீழே தரும் அளவில் ஐஸ் கரைந்த பிறகும் 10 கிராம் இருக்கிறது. வண்டிக்கடைக்கும் வீட்டுக்கும் அந்த வரி இல்லை என்பதால் தப்பித்தோம். இனிப்பைக் குறைக்க விரும்பினால் மடலையும் சேர்த்துக் குறையுங்கள், சர்க்கரையை மட்டும் குறைத்தால் பல் கூசும் புளிப்புதான் மிஞ்சும்.

உப்பை விட்டுவிடாதீர்கள். கொய்யாவுக்கும் மாங்காய்க்கும் உப்பும் மிளகாயும் தொடுகிற நமக்கு இது புதிதல்ல. உப்பு துவர்ப்பை அடக்கும், இனிப்பை எடுத்துக்காட்டும்.

என் கைக்கணக்கு இது. 1.7 லிட்டர் நீரில் கீறிய சீன இலந்தை 12, இருபத்தைந்து நிமிடம் சிறு தீயில். பிறகு 60 கிராம் ரோசெல், ஒரே ஒரு தடவை மளமளவென்று அலசியது. அதற்கு மேல் அலசினால் நிறம் சாக்கடைக்குப் போகும். பத்து நிமிடத்துக்குள் அணைத்து, கால் மணி மூடி வைத்து, பிழியாமல் வடிக்க வேண்டும். ஏறக்குறைய 1.2 லிட்டர் கிடைக்கும். சூடு இருக்கும்போதே 180 கிராம் சர்க்கரை, அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு. சர்க்கரையைக் கடைசியில் போடச் சொல்வதற்குக் காரணம், மடலின் புளிப்பு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மாறும். முதலில் 120 கிராம் போட்டு, ஒரு தம்ளர் ஐஸில் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு ருசித்துவிட்டு மீதியை முடிவு செய்யுங்கள். சூடான கரண்டியில் நக்கிப் பார்த்துத் தீர்மானித்தால் ஏமாந்து போவீர்கள்.

ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். வெளியே வைத்தால் நம் வெயிலில் மறுநாளே நுரைக்கத் தொடங்கும். குளிர்நீரில் ஊற வைத்தது கொதி காணாதது, அதனால் அதை இரண்டு நாளுக்குள் குடித்து முடிப்பது நல்லது. ஊறும் நேரமும் முழுக்க ஃபிரிட்ஜுக்குள்தான் இருக்க வேண்டும்.

உடனடிப் பொடி, டீ பேக் பற்றி இரண்டே வார்த்தை. பொடிப் பாக்கெட்டின் பின்னால் முதலில் எழுதியிருப்பது என்ன என்று பாருங்கள், பெரும்பாலும் சர்க்கரைதான். டீ பேக்கில் இரண்டு கிராம் அளவே இருக்கும். ஒரு கோப்பை வெந்நீருக்குச் சரி, ஐஸுக்கு முன்னால் நிற்காது.

'பிரஷர் குறையுமாமே' என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 65 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினர் தினம் மூன்று கோப்பை ரோசெல் டீயை ஆறு வாரம் குடித்தபோது மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி அளவு இறங்கியது. கோப்பை கோப்பையாகச் சர்க்கரையைக் கரைத்துவிட்டு அந்தப் பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த எண்ணம் இருந்தால் ஓர் இரவு ஊறிய, சர்க்கரை சேராத நீர்தான் உங்கள் வழி. பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் தினசரிப் பழக்கமாக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டும் நடக்கிறது. சனிக்கிழமை ஆட்கள் வந்தால் இலந்தை போட்ட பானை அடுப்பேறும், ஐஸ் டிரே காலியாகும். வாரநாளில் அம்மாவுக்காக ஒரு பாட்டில் ஃபிரிட்ஜில் ஊறிக்கொண்டிருக்கும். அவர் சர்க்கரையும் போடமாட்டார், ஐஸும் போடமாட்டார். 'சளி பிடிக்கும்' என்பார்.

வடித்த மடலை என்ன செய்வது என்பதிலும் இரண்டு வழிக்கும் வித்தியாசம் தெரிகிறது. தாய்லாந்தில் இதைச் சர்க்கரையோடு கிளறி ஜாம் ஆக்குபவர்கள் உண்டு. பானையில் வெந்த மடலில் புளிப்பு பெரும்பாலும் இறங்கிவிடுகிறது, அதில் ஜாம் போட்டால் சவசவவென்று இருக்கிறது, எலுமிச்சை சேர்த்தால்தான் தேறுகிறது. ஃபிரிட்ஜில் ஊறிய மடலில் இன்னும் புளிப்பு பாக்கி இருக்கிறது. அம்மா அதை நல்லெண்ணெயில் வதக்கி, வெந்தயமும் காய்ந்த மிளகாயும் வறுத்து அரைத்துப் போட்டுத் தொக்காக்கினார். புளிச்சக்கீரைக்குச் செய்கிற அதே கைப்பக்குவம். தயிர் சாதத்துக்கு மூன்று நாள் வந்தது.